டாக்குமெண்டாக அனுப்பாத ஊர்

கடற்கரைக் கிராமமான சிலுவைத்துறை மங்கிப்போனது மாதா கோயிலின் பத்தாம் நாள் திருவிழா முடிந்த மறுநாள் காலையில். விடிந்து எழுந்த ஜனங்கள் கதவைத் திறந்து பார்த்தபோது மாதா கோயில் கோபுரத்துச் சிலுவை ஒரு சாம்பல் திட்டாக இருந்தது, கோபுரத்துக்கு அந்தப் பக்கம் கடல் அலையில்லாமல் நீலக் கட்டங்களாகக் கிடந்தது, கரையேற்றியிருந்த வள்ளங்களில் எழுதியிருந்த புனிதர்களின் பெயர்கள் கரைந்து எந்த வள்ளம் யாருடையது என்று சொல்ல முடியாமல் போனது, எதிர் வீட்டுக்காரியின் முகத்தில் கண் இருந்த இடத்தில் இரண்டு கருமையும் வாய் இருந்த இடத்தில் ஒரு சிவப்பும் மட்டும் இருந்தன. கொஞ்ச நேரம் எல்லோரும் கண்ணைக் கசக்கினார்கள். கசக்கிப் பிரயோசனமில்லை என்று தெரிந்ததும் டீக்கடைக்குப் போனார்கள்.

காரணம் ஸ்டார்வின். சுற்று வட்டாரத்தில் ட்ரோன் வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். கல்யாணமானாலும், கோயில் கொடியேற்றமானாலும், புது வள்ளத்துக்குச் சாமியாரின் மந்திரிப்பானாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். திருவிழாவன்று காலைத் திருப்பலியில் தொடங்கி, சப்பரம் தெருவெல்லாம் சுற்றிக் கோயிலுக்குத் திரும்புகிறவரை, ஒரு கூரை விடாமல், ஒரு ஆட்டுக்குட்டி விடாமல் ஊரை மேலிருந்து படம் பிடித்திருந்தான். கூடப் படித்த பயல்களின் குரூப் ஒன்று உண்டு. தோஹாவில் ஏசி மெக்கானிக்காக இருந்த சில்வெஸ்டர், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்ட ரூபர்ட், சரக்குக் கப்பலில் வேலைபார்த்த லியோன்ஸ், மூன்று பேரும் சப்பரம் கோயிலுக்குள் நுழைவதற்கு முன்பே அனுப்பு அனுப்பு என்று குரூப்பில் உயிரை வாங்கினார்கள். வீடியோவாக அனுப்பினால் சுருங்கிப் போகும், டாக்குமெண்டாக அனுப்பினால்தான் இருந்தது இருந்தபடி போகும் என்பது கேமரா பிடிக்கிற எல்லோருக்கும் தெரியும், ஸ்டார்வினுக்கும் தெரியும். ஆனால் முழுப் படம் தொண்ணூறு ஜிபிக்குக் கொஞ்சம்தான் குறைவு, அவனோ வெயிலில் நின்று நின்று சோர்ந்து போயிருந்தான். பயல்கள் போனில்தானே பார்க்கப்போகிறார்கள், இது போதும் என்று நினைத்து, அன்று ராத்திரியே சுருக்கி, வீடியோவாகவே தட்டிவிட்டான். ஊரைப் பார்க்க ஏங்கிக் கிடக்கிறவனுக்கு இது போதும் என்று நாமாக முடிவு செய்வது எவ்வளவு பெரிய அலட்சியம் என்பது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

ஊர் மங்கின அன்று மத்தியானம் சில்வெஸ்டர் போனில் கூப்பிட்டான்.

"லேய் ஸ்டார்வினு, என்னத்தடே அனுப்பிருக்க? எங்கம்மைய காணும்லா! திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன். வாசல்ல ஒரு வெள்ளக் கட்டம் நிக்கி. அதாடே எங்கம்ம?"

ஸ்டார்வின் ஜன்னல் வழியாகப் பார்த்தான். எதிர்ச்சாரியில் சில்வெஸ்டரின் அம்மா வாசலில் வெள்ளைக் கட்டமாக நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

"அதாம்ல," என்றான்.

அவன் மறைக்கவில்லை. நேரே மீன் விற்கிற ஏலக்கரைக்குப் போய், நான்தான் ஊரைச் சின்னதாக அனுப்பிவிட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். ஏலக்காரர் தொம்மை கண்மூக்கு தெரியாத முகத்தை அவன் பக்கம் திருப்பினார்.

"சின்னதா அனுப்புனதுல சின்னதாப் போச்சி. முழுசா அனுப்பு, முழுசா வந்துரும். இதுக்கு என்னத்துக்கு மூஞ்சியத் தொங்கப் போடுத? தொங்குதா இல்லயான்னே தெரியல."

அதற்குள் ஊர் இந்தப் புது நிலைமைக்கு ஒருமாதிரி பழகத் தொடங்கியிருந்தது. ஏலத்தில் சீலா மீனையும் பாறை மீனையும் தடவிப் பார்த்து விலை கேட்டார்கள். பஸ் போர்டு தெரியாததால் கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கோயில் மணிக்குப் போட்டியாகக் கத்தினார். ரேஷன் கடையில் விரல் வைக்கிற மிஷின் ஒருவரையும் ஊர்க்காரர் என்று ஒத்துக்கொள்ளவில்லை, விரலில் ரேகை இருந்தால்தானே. டீச்சர் கரும்பலகையில் ஒரு எழுத்தைக் கதவளவுக்கு எழுதியதால் ஒரு நாளைக்கு ஒரு வார்த்தைதான் நடத்த முடிந்தது, பிள்ளைகள் அதற்காக மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். கணவன்மார்கள் வீடு மாறிப் போகாமலிருக்க வாசலில் நின்று இருமினார்கள், உள்ளே இருப்பவள் பதிலுக்கு இருமினால் நுழைந்தார்கள். வயதான பெண்கள் கண்ணாடியில் சுருக்கமில்லாத தங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, இது இப்படியே இருந்தாலும் ஒரு குறையில்லை என்றார்கள். ரொம்ப நாளாகத் தட்டிப்போய்க்கொண்டிருந்த ஒரு சம்பந்தம் அந்த வாரம் கூடியது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுவிட்டுச் சரி என்றார்கள், பிற்பாடு முகம் தெரிந்தபோதும் இருவருமே மறுக்கவில்லை.

சிரிக்க முடியாதவள் ஊரில் ஒருத்திதான் இருந்தாள். ஸ்டார்வினின் மனைவி ஜோவிட்டாவுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டது. பேச்சு போகவில்லை, பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்தே முழுசையும் பிடித்துக்கொண்டு டக்கென்று பதில் சொல்வாள். கரைக்கு வருகிற வள்ளத்தில் இருப்பவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று மணலில் நின்றே சொல்வாள், பூசை நேரத்தில் பின்வரிசையில் நடக்கிற கிசுகிசுப்பு அவளுக்குத் தெரியாமல் போகாது, ஏலக்கரையில் வியாபாரிகள் வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற வழக்கமே அவள் மீன் எடுக்க வந்த பிறகுதான் ஏற்பட்டது. இப்போது எல்லா முகத்திலும் வாய் இருந்த இடத்தில் அசைகிற ஒரு சிவப்புத் திட்டு. அவள் முதல் நாள் ஏலத்துக்குப் போனாள், எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள், வெறுங்கூடையோடு திரும்பி வந்து வாசல் கதவைச் சாத்தினாள்.

ஊரில் மங்காமல் இருந்தது போன், லேப்டாப் திரைகள் மட்டும்தான் என்பதால் ஸ்டார்வின் போனில் எழுதிக் காட்டினான். அவள் படித்தாள், போனைத் திருப்பி அவன் கையில் வைத்தாள்.

"எழுதிக் காட்டாதிய. கடைக்குச் சீட்டு எழுதுன மாதிரி இருக்கு. எனக்கு ஒங்க வாய் வேணும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவன் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பான். சொல்லியிருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது என்பது பிறகுதான் அவனுக்குத் தோன்றியது. அந்த இடத்திலேயே அவன் தீர்மானம் செய்தான். சுருங்கினது யார் யார் கைக்குப் போனதோ அவனவன் கையில் ஊரை முழுசாகக் கொண்டுபோய் வைத்தே தீருவது, அதுவரை வேறு ஒரு வேலையும் பார்ப்பதில்லை.

முதலில் நெட்டில் ஏற்றிப் பார்த்தான். சிலுவைத்துறையில் போன் பேச்சு எங்கேயும் எடுக்கும், பெரிய படம் ஏற்றுகிற அளவுக்கு நெட் கோயில் மணிமேடையில்தான் எடுக்கும். அங்கே லேப்டாப்போடு போய் உட்கார்ந்தான், பூசை மணி அடிக்கிறபோதெல்லாம் சிக்னல் அறுந்து முதலிலிருந்து ஏறியது. படத்தைத் துண்டு போட்டு அனுப்பிப் பார்த்தான். ரூபர்டுக்குச் சில துண்டுகள் போய்ச் சேர்ந்தன, சில சேரவில்லை. அதன்படி ரூபர்டின் வீடு இருந்த வடக்குத் தெரு பட்டை பட்டையாகத் தெளிந்தது, ஒரு வீட்டின் ஓடு பளிச்சென்று தெரிந்தது, கீழே சுவர் இல்லை, ஒருவருடைய மீசை தெளிவாக வந்தது, மூக்கு வரவில்லை. இது முன்னால் இருந்ததைவிட மோசம் என்று தெருக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஆனால் ஸ்டார்வினுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போய்ச் சேர்கிற அளவுக்கு ஊர் தெளிகிறது என்று தெரிந்துவிட்டது, இனி போய்ச் சேர்ப்பது ஒன்றுதான் வேலை.

ஹார்ட் டிஸ்க்கை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் மாறி பஸ் மாறித் திருப்பூர் போனான். ரூபர்ட் தையல் மிஷின்களுக்கு நடுவில் இருந்த சூப்பர்வைசர் கம்ப்யூட்டரில் அதைச் செருகினான். சாப்பாட்டு இடைவேளையில் கம்பெனியே பின்னால் நின்று வேடிக்கை பார்க்க, வடக்குத் தெரு முனையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த தன் அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்தான். "அப்பாக்கு முடி இவ்வளவு நரச்சிட்டாடே?" என்றான். அந்த நேரத்தில் சிலுவைத்துறையில் அவன் அப்பாவுக்கு முகம் திரும்ப வந்தது, நரைத்த தலையும் கன்னத்து மருவும் உட்பட. அவரைச் சுற்றி வடக்குத் தெரு முழுவதும், அவன் பார்வை போன வரிசைப்படி, வாசல் வாசலாகத் தெளிந்துகொண்டே போனது. தேடிப் பார்க்கிறவன் கண் எதில் படுகிறதோ அது தெளிகிறது என்று ஊர் புரிந்துகொண்டது. தெளிந்த பெண்களில் சிலர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஸ்டார்வினைத் திட்டினார்கள்.

தோஹாவுக்கு ஆள் போய்த்தான் ஆக வேண்டும். வளைகுடாவுக்கு ஊரிலிருந்து யார் கிளம்பினாலும் அவர்கள் பெட்டியில் பாதி இடம் ஊருக்குச் சொந்தம். அடுத்த வீட்டு ஊறுகாயும் எதிர் வீட்டு அல்வாவும் தெருக்கோடி வீட்டுக் கருவாடும் ஏறாமல் ஒரு பெட்டியும் மூடாது. மகள் பிரசவத்துக்குக் கிளம்பிய ஓர் அக்காவின் பெட்டியில், நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்துக்குள், ஆளுக்கொன்றாகப் பிரதி எடுத்ததில் ஒரு டிஸ்க் போனது. சில்வெஸ்டர் லீவு நாள் வரும்வரை பொறுத்திருந்து, ரூமில் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, கருவாட்டு வாசத்தோடு படத்தைப் போட்டான். தெற்குத் தெரு தெளிந்தது. அவன் அம்மா மூக்குத்தி மின்ன வீடு வீடாகப் போய், "எம் மவன் என்னியப் பாத்துட்டான்," என்று முகத்தைக் காட்டிவிட்டு வந்தாள். ஜோவிட்டாவிடமும் வந்தாள். ஜோவிட்டா அவள் உதட்டை வெகுநேரம் பார்த்தாள், முதன்முதலாக ஒரு வாய் கிடைத்துவிட்டது, கிழவி அன்று சாயங்காலம்வரை பேசினாள், ஜோவிட்டா ஒரு சொல்லையும் விடவில்லை.

மிச்சம் லியோன்ஸ். கடலோடு கடலாகத் திரிகிறவனுக்கு எதைக் கொண்டுபோய்க் கொடுப்பது? அவன் கப்பலில் இருக்கிற நெட்டில் அந்தச் சுருங்கின படமே இழுத்துப் பறித்துத்தான் இறங்கியது. ஸ்டார்வின் தினமும் அவனுக்கு ஒரே கேள்வியைத்தான் அனுப்பினான், எங்கலே நிக்க, எங்கலே நிக்க என்று. ஊரும் காத்திருந்தது, கோயிலும் கடற்கரையும் நடுத்தெருவும் கட்டம் கட்டமாக, மங்கலாகவே இருந்தன. கடைசியில் ஒரு நாள் பதில் வந்தது, தூத்துக்குடிக்கு வெளியே நங்கூரம் போட்டிருக்கிறோம், துறைமுகத்தில் இடமில்லை, கரை தெரிகிறது ஆனால் கேப்டன் இறங்க விடமாட்டேன் என்கிறான் என்று.

தொம்மை ஏலத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வள்ளத்தைத் தள்ளச் சொன்னார். கட்டம் கட்டமாக இருந்த கடலில் வள்ளம் படியிறங்குவதுபோலத் தட்டித் தட்டிப் போனது. ஏறியிருந்த நடுத்தெருக்காரர்கள் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் அந்தோணியார் பாட்டைப் பாடிக்கொண்டு போனார்கள். கப்பல் சுவர்போல் நின்றது. மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு தலை.

"லியோன்சு! வாளிய எறக்குடே!"

கயிற்றில் வாளி இறங்கியது. ஸ்டார்வின் டிஸ்க்கைப் பாலிதீன் பையில் போட்டு, பையைத் துண்டில் முடிந்து, துண்டை வாளியின் பிடியோடு கட்டினான். கட்டிய பிறகும் கையை எடுக்க மனமில்லாமல் கொஞ்சம் பிடித்திருந்தான்.

"முழுசாப் பாக்கணும் மக்கா! ஓட்டி ஓட்டிப் பாக்காத!"

"எட்டு மாசமா தண்ணியவே பாத்துக்கிட்டு கெடக்கேன். ஒரு ஈ காக்காய விடமாட்டேன், நீ போ!"

விடவில்லை. வள்ளம் பாதி வழி திரும்பியபோதே கடலில் அலை வந்துவிட்டது, ஒவ்வொரு அலைக்கும் தனித்தனி நுரையோடு. தொம்மைக்குப் பல் இல்லாத வாய் வந்தது. கரை நெருங்க நெருங்க சிலுவை கூர்மையாகத் தெரிந்தது, கோபுரத்து மணியின் விரிசல் தெரிந்தது, காக்கைகள் தெரிந்தன, மணலில் திரண்டு நின்ற ஜனங்களில் ஒவ்வொருவர் முகமும் அவரவரிடம் வந்து சேர்ந்தது. ஊரே ஒரே நேரத்தில் கத்தியது. ஜோவிட்டா கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்து கூட்டத்தின் நடுவில் நின்று, இந்த வாயிலிருந்து அந்த வாய்க்கு, அந்த வாயிலிருந்து இன்னொன்றுக்குப் பார்வையை மாற்றி மாற்றி, பசித்தவள் சோற்றை அள்ளுவதுபோலப் பேச்சை அள்ளிக்கொண்டிருந்தாள். வள்ளம் மணல் தட்டியது. எல்லோருக்கும் முன்னால் ஸ்டார்வின் குதித்து இறங்கினான், அவளைப் பார்த்து ஏதோ சொன்னான்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவன் முகத்தில் இரண்டு கருமையும் ஒரு சிவப்பும்தான் இருந்தன.

ஊருக்கு முதலில் கஷ்டமாக இருந்தது, ஆனால் ஊர் எதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்துவிடும். "படம் புடிக்கவன் படத்துல இருப்பானா?" என்றார் தொம்மை. அது சரிதான் என்று எல்லோருக்கும் பட்டது. ஸ்டார்வினுக்கும் பட்டது. ஊரைத் தெளியவைத்தாயிற்று, அவளுக்குப் பேசிக்கொண்டிருக்க ஊர் நிறைய ஆள் இருக்கிறது, தான் ஒருவன் மங்கலாக இருந்தால் என்ன என்று தேற்றிக்கொண்டான். அதையும் போனில் எழுதி அவளிடம் காட்டினான். அவள் படித்துவிட்டு அவனைப் பார்த்த பார்வையில், மங்கிய முகத்துக்குள்ளேயே அவனுக்கு வேர்த்தது.

"அந்தப் படத்தப் போடுங்க," என்றாள்.

நீதான் திருவிழாவில் இருந்தாயே, உனக்கு எதற்கு என்று கையை விரித்தான்.

"திருப்பூருக்குக் கொண்டு போனிய. தோகாவுக்குக் குடுத்து விட்டிய. நடுக்கடல்ல கொண்டு போயி வாளில கட்டி ஏத்துனிய. ஒரே வீட்டுல இருக்கேன், எனக்குக் காட்டணும்னு தோணிச்சா ஒங்களுக்கு?"

தோன்றவில்லை. அவளுக்காகத்தான் அத்தனை அலைச்சலும், ஆனால் அவளுக்கு ஒரு பிரதி கொடுக்கவேண்டும் என்று ஒரு நிமிஷம்கூட அவனுக்குத் தோன்றவில்லை. வெட்கத்தோடு போய் டிவியில் டிஸ்க்கைச் செருகினான்.

ஜோவிட்டா ஏலத்துக்குப் போகவில்லை, பூசைக்குப் போகவில்லை, உலை வைத்துவிட்டு வந்து உட்காருவாள், சோறு வடித்துவிட்டு வந்து உட்காருவாள். ட்ரோன் படத்தில் சத்தம் கிடையாது, மற்றவர்கள் பாட்டுப் போட்டுத்தான் பார்ப்பார்கள். அவளுக்கோ அதில் ஊரே பேசியது. சப்பரம் தூக்கிகள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டது, சாமியார் மழை வருமோ என்று கேட்டது, எல்லாவற்றையும் படித்தாள், சிரித்தாள், ஆனால் நகரவில்லை, கூரை கூரையாக, நிழல் நிழலாகத் தேடினாள். படம் முழுவதும் முடிந்தது. ஸ்டார்வின் அதில் இல்லை.

"எங்க நின்னு பறக்கவிட்டிய?"

அவன் கோயில் மொட்டைமாடியைத் திரையில் தொட்டுக் காட்டினான். அது காலியாக இருந்தது, படம் அந்தப் பக்கம் திரும்பியபோது அவன் தண்ணீர் தொட்டி நிழலுக்குள் ஒதுங்கியிருந்தான். விட்டுவிடு என்று கையைக் காட்டினான். அவள் படத்தை மறுபடி முதலில் கொண்டுபோய் வைத்தாள். மேகம், கோபுர உச்சி, அப்புறம் ஊர்.

"இது ஆகாசத்துல இருந்துல்லா தொடங்குது. தரையில இருந்து ஏறாமயா ஆகாசத்துக்குப் போச்சி?"

ஸ்டார்வினுக்கு அப்போதுதான் உறைத்தது. ட்ரோன் தரையிலிருந்து கிளம்புகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் பறக்கவிடுகிறவனின் மூஞ்சி முழுசாக விழும். அசிங்கமாக இருக்கிறது என்று தொழில் செய்கிற எல்லோரும் முதல் வேலையாக அதை வெட்டிவிடுவார்கள், அவனும் எந்தப் படத்திலும் யோசிக்காமல் வெட்டிவிடுவான். முழுசு முழுசு என்று ஊர் ஊராகச் சுமந்து போனதெல்லாம் தன்னை வெட்டி எடுத்த முழுசு. போனை எடுத்து, வெட்டிவிட்டேன் என்று எழுதினான்.

"வெட்டுனது எங்க?"

ட்ரோனில் இருந்த கார்டில் அப்படியே கிடந்தது. எடுத்து டிவியில் போட்டான்.

திரை முழுக்க ஸ்டார்வின். அண்ணாந்து பார்க்கிறான், இறக்கைக் காற்றில் முடி குத்திட்டு நிற்கிறது, மூக்கு தேவைக்குமேல் பெரிதாகத் தெரிகிறது, உதடு அசைகிறது. ஜோவிட்டா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். திரையில் அசைகிற அவன் உதட்டோடு சேர்ந்து, அவன் சொன்னதைத் தன் குரலில் சொன்னாள்.

"பையப் போ. எங்க வீட்டுக்கு மேல மட்டும் பையப் போ. ஜோவி துணி காயப்போட்டிருப்பா, காத்துல பறந்துச்சின்னா கத்துவா."

ஒரு மிஷினிடம் தான் இப்படிப் பேசுவது ஸ்டார்வினுக்கே தெரியாது.

அவள் திரும்பினாள். அவன் முகம் இருந்தது. சவரம் செய்யாத முகம், வெயிலில் கருத்த நெற்றி, வாடிப்போன உதடு, எல்லாம் இருந்தது. அவன் அழுதுகொண்டிருந்தான், அதையும் அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"ஒனக்குத்தான் முதல்ல காட்டிருக்கணும் ஜோவி. தப்பு எம்மேலதான்," என்றான்.

"இன்னொரு தரம் சொல்லுங்க," என்றாள் ஜோவிட்டா.

அவளுக்கு முதல் தரமே புரிந்திருந்தது.